கண் கூசும், பல் கூசும், நாக்கும் கூச வேண்டும்: ‘கூச்சம்’ என்ற சொல்லின் பொருளும் ஆட்சியும்

தேர்தல் நெருங்கினால் அறிக்கைகளில் தவறாமல் வந்துவிடும் தொடர், ‘நாக்கூசாமல் பொய் சொல்கிறார்’. அதே நாளிதழில் நாலு பக்கம் தள்ளிப் பற்பசை விளம்பரம் ஒன்று ‘பல் கூச்சமா?’ என்று கேட்கும். இணைப்பிதழைப் புரட்டினால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை எப்படி மாற்றுவது என்று ஒருவர் அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார். அரசியல்வாதியின் நாக்கும், எலுமிச்சை பட்ட பல்லும், விருந்தாளியைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்ற குழப்பம் நியாயமானது. இந்தச் சொல்லை வெட்கம், நாணம், சங்கடம், தயக்கம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே பையில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை எடுத்து எழுதும் பழக்கமும் பெருகிவிட்டது. அதனால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

கூச்சம் முதலில் உடம்பின் சொல். தாங்கும் அளவுக்கு மேல் ஒன்று வந்து மேலே படும்போது ஓர் உறுப்பு பின்வாங்குகிறதே, அந்தப் பின்வாங்கல்தான் கூச்சம். மனக்கூச்சம் அதன் நீட்சி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் பிடிபடும்.

சொல்லின் அமைப்பு

வினை ‘கூசு’. ஓடு ஓட்டமாவதுபோல, மாறு மாற்றமாவதுபோல, கூசு கூச்சமாகிறது. கடைசி மெய் இரட்டித்து ‘அம்’ சேர்வது தமிழில் மிகப் பழைய வழி. ‘கூச்சல்’ இதன் உறவு இல்லை. அது கூவுகிற ‘கூ’வின் பக்கம். மலையாளத்தில் ‘கூசலில்லாதெ’ என்றால் சற்றும் அசராமல் என்று பொருள். அங்கும் பின்வாங்கல் என்ற கருத்துதான் உள்ளே இருக்கிறது.

பேச்சில் ‘கூச்சநாச்சம்’ என்று இரட்டித்தும் வரும். தமிழில் ‘நாச்சம்’ தனியே வழங்குவதில்லை. கன்னடத்தில் வெட்கத்துக்கு ‘நாச்சிகெ’ என்பார்கள். சேலத்தில் கன்னடம் பேசும் குடும்பங்களின் வாயில் இதை இன்றும் கேட்கலாம்.

சொல் வாழும் இடங்கள் நான்கு:

1. கண் கூசுதல்: வெளிச்சம் மிகுந்தால்.
2. பல் கூசுதல்: புளிப்பு, குளிர், இனிப்பு பட்டால்.
3. உடம்பு கூசுதல்: விலாவிலோ உள்ளங்காலிலோ பிறர் கை பட்டால்.
4. மனம் கூசுதல்: பிறர் பார்வை, பிறர் புகழ்ச்சி, பழகாத இடம், சொல்லத்தகாத சொல்.

நான்காவதைப் புரிந்துகொள்ள முதல் மூன்றையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கண்

சேலத்துக்காரர்களுக்குக் கண்கூச்சத்தை விளக்கத் தேவையில்லை. மாமாங்கம், கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் மேக்னசைட் பாறை வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் ஈர ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் நடுப்பகலில் ஒளி மேலிருந்து மட்டும் வருவதில்லை. தரையிலிருந்தும் எழும்பி வருகிறது. புருவமும் மேலிமையும் மேலிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் மறைக்கும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாலும் களத்தில் கண் கூசுவது இதனால்தான்.

ஏற்காட்டில் வேறு விதம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காலை மூட்டம் பாதி கலைந்த நேரத்தில் சூரியன் தெரியவே தெரியாது. ஆனாலும் கண் கூசும். காற்றிலுள்ள நுண்துளிகள் ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளை. கண்ணுக்கு ஒதுங்க இடம் கிடைப்பதில்லை.

அப்போது கண் செய்பவை மூன்று. பாவை சுருங்குகிறது, இமை தாழ்கிறது, முகம் திரும்புகிறது. புது இடத்தில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று உணரும் ஒருவரும் இதையேதான் செய்கிறார்: ஒடுங்குகிறார், கண்ணைத் தாழ்த்துகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒளிக்கும் பார்வைக்கும் உடம்பு ஒரே பதிலைத் தருகிறது. தமிழ் இரண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்ததில் ஆச்சரியமில்லை.

பல்

பல்லின் வெளிப்பூச்சு எனாமல். அதற்கு அடியில் டென்டின். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஏராளம், உள்ளே நீர்மம். எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டோ குழல்வாய் திறந்துவிட்டால், குளிரும் புளிப்பும் அந்த நீர்மத்தை அசைக்கின்றன. அசைவு உள்நரம்பைத் தொடுகிறது. அதுதான் ‘சுரீர்’.

மாங்காய்க் காலத்தில் உப்பு மிளகாய்த் தூள் தொட்டுத் தின்றவுடன் பல் துலக்குவது நல்லதல்ல. வாயின் pH அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் இளகத் தொடங்கும். அந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் எனாமலையே அரைத்தெடுப்பதாகும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துலக்கலாம். கூச்சத்துக்கான பற்பசைகள் பலவற்றில் 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். அது நரம்பை அமைதிப்படுத்த 2 முதல் 4 வாரம் பிடிக்கும். மூன்று நாளில் ‘வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

சொல்லாராய்ச்சியில் பற்பசை எதற்கு என்று கேட்கலாம். கூச்சம் வலி இல்லை என்பதைக் காட்டத்தான். பல் ‘வலிக்கிறது’ என்றால் உள்ளே சொத்தை. ஒன்றும் படாமலே நடுராத்திரியிலும் வலிக்கும். பல் ‘கூசுகிறது’ என்றால் ஏதோ ஒன்று வந்து பட வேண்டும், அது விலகினால் நின்றுவிடும். இந்த இலக்கணம் மனக்கூச்சத்துக்கும் அப்படியே பொருந்தும்.

உடம்பு

தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. தன் கையின் அசைவைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்தத் தொடுதலின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. பிறர் கை எங்கே படும், எப்போது படும் என்று கணிக்க முடியாததால்தான் கூசுகிறது.  ‘பழகப் பழகக் கூச்சம் தெளிஞ்சுடும்’ என்று புதுமணப்பெண்ணிடமோ, வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்தவரிடமோ சொல்வதும் இதை ஒட்டியே: முன்கூட்டிக் கணிக்க முடிவது அவ்வளவாகக் கூசாது.

கூசுதா, உறுத்துதா?

கண் மருத்துவர் இந்த இரண்டையும் தனித்தனியே கேட்பார். தூசியோ இரும்புத்துகளோ உள்ளே கிடந்தால் உறுத்தும். அறையை இருட்டாக்கினாலும் உறுத்தல் போகாது. கூச்சம் வெளிச்சத்தால் வருவது. விளக்கை அணைத்தால் தணியும். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேலை செய்தவருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். அதுவும் உடனே வராது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல உறுத்தி, விளக்கைப் பார்த்தாலே கூசி நீர் வடியும். அநேகமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். கண் சிவந்து, வலியும் பார்வை மங்கலும் கூச்சத்தோடு சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அது கருவிழிப் புண்ணாகவோ கண்ணின் உள் அழற்சியாகவோ இருக்கலாம்.

மனத்திலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது. மனசாட்சி உறுத்தும், கூசாது. செய்த தவறு உள்ளேயே கிடப்பதால், யாரும் பார்க்காத இருட்டறையிலும் உறுத்தல் தொடர்கிறது. கூச்சத்துக்கு எதிரே ஒருவர் வேண்டும், அல்லது அப்படி ஒருவர் இருப்பதாக நினைப்பாவது வேண்டும். ‘அந்தத் துரோகத்தை எண்ணி ஆண்டுக்கணக்கில் கூச்சத்தில் தவித்தான்’ என்று எழுதினால் வாசகனுக்கு எங்கோ இடிப்பது இதனால்தான். அங்கே வரவேண்டியது உறுத்தல்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

பணம் சம்பந்தப்பட்ட ஒரே சூழ்நிலையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஒருவர் தெரிந்த கடைக்காரரிடம் கைமாற்றுக் கேட்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வாசலில் நின்று, போகலாமா திரும்பலாமா என்று காலை முன்னும் பின்னும் வைத்தால் அது தயக்கம். சங்கப் பாடல்களில் ‘தயங்கு’ என்பது அலைவது, அசைவது. ‘தயங்குதிரை’ என்றால் அசையும் அலை. முடிவெடுக்காத மனத்தின் ஆட்டம்தான் இன்றைய தயக்கமும்.

உள்ளே போய்விட்டார். கடை நிறைய ஆள். “கேக்கறதுக்கே கூச்சமா இருக்குதுங்க” என்று இழுத்தால் அது கூச்சம். கேட்பது தப்பில்லை, பத்துப் பேர் கண் முன்னால் கேட்பதுதான் பாரம்.

முன்பு வாங்கியதையே திருப்பித் தராதவர் என்றால் “உங்க மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்குதுங்க” என்பார். வெட்கத்துக்கு ஒரு குறை அடிப்படையாக வேண்டும். ‘வெட்கித் தலைகுனிந்தார்’ என்று எழுதலாம். ‘கூசித் தலைகுனிந்தார்’ என்றால் குற்றம் மறைந்துவிடும். பருவப் பெண்ணின் வெட்கம், குழந்தையின் வெட்கம் என்ற இனிய வழக்கும் உண்டு. அதைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கடைக்காரரின் பக்கம். கொடுத்தால் வீட்டில் சண்டை, மறுத்தால் பழைய பழக்கம் முறியும். இது சங்கடம். வடமொழியில் ‘சங்கட’ என்பதற்குக் குறுகலானது என்ற பொருளும் உண்டு; இரண்டு பக்கமும் இடிக்கும் இடம். இரண்டு பக்கமும் கடமை நின்று இழுத்தால் தர்மசங்கடம். சில்லறை இல்லாமல் பஸ்ஸில் விழிப்பதைத் தர்மசங்கடம் என்று எழுதுவது மிகை. அங்கே தர்மம் எதுவும் மோதவில்லை. கொங்குப் பேச்சில் இது ‘சங்கட்ட’மாகி, துக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. “பையன் வெளியூர் போனது ஒரே சங்கட்டமா இருக்குது” என்று ஒரு தாய் சொன்னால் அவர் கூசவுமில்லை, எந்த இக்கட்டிலும் சிக்கவில்லை, வருந்துகிறார். வெளியூர் எழுத்தாளர்கள் சேலத்துப் பாத்திரத்தின் வாயில் இந்தச் சொல்லை வைக்கும்போது தவறுவது இங்கேதான்.

கடைசியாக, எதையோ உளறிக் கொட்டிவிட்டு அது அம்பலமானதும் முகத்தில் பரவும் இளிப்பு: அசடு வழிதல். அதற்கு இணை தமிழில் வேறில்லை.

உறுப்பே எழுவாய்

கூசு என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை. ‘எனக்குக் கண் கூசுது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் கண். ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ‘எனக்குக் கூச்சமா இருக்குது’ என்றாலும் அப்படியே: கூச்சம் வந்திருக்கிறது, போய்விடும். ‘நான் கூச்சப்படுறேன்’ என்றால் ஆள் முன்னே வந்து பொறுப்பேற்கிறார். ‘அவன் கூச்ச சுபாவம்’ என்றால் அது முத்திரையாகவே ஆகிவிடுகிறது. ஒரே பாத்திரத்தை மூன்று விதமாகவும் எழுதலாம். ஒவ்வொன்றிலும் கதைசொல்லி அவனை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார் என்பது மாறும்.

அடிக்கடி அச்சில் வரும் பிழை ஒன்று: ‘கண்ணைக் கூசும் விளக்குகள்’. ‘கண்ணைப் பறிக்கும்’, ‘கண் கூசும்’ என்ற இரண்டும் கலந்து பிறந்த தொடர் இது. ‘கண் கூசும் விளக்குகள்’ அல்லது ‘கண்ணைக் கூசச்செய்யும் விளக்குகள்’ என்பதே சரி.

இனி நாக்குக்கு வருவோம். கூச வேண்டிய உறுப்பு கூசாமல் இருந்தால் அது பழி. இந்தத் தொடர்கள் எல்லாம் அப்படிப் பிறந்தவை:

1. நாக்கூசாமல், வாய் கூசாமல்: பொய்யும் அவதூறும் சொல்பவர்.
2. மனம் கூசாமல்: துரோகமோ கொடுமையோ செய்பவர்.
3. காது கூசும் பேச்சு: இங்கே குற்றம் பேசியவருடையது, கூச்சம் கேட்டவருடையது.

நாக்கு புளிப்பைக் கண்டு சுருங்குவதுபோலப் பொய்யைக் கண்டும் சுருங்க வேண்டும், அது இயல்பு என்ற எண்ணம் முதல் தொடருக்கு அடியில் இருக்கிறது. ‘பொய் சொல்கிறார்’ என்பது ஒரு கூற்றை மறுக்கிறது. ‘நாக்கூசாமல் பொய் சொல்கிறார்’ என்பது அந்த ஆளிடம் இருக்கவேண்டிய உணர்வு மரத்துப்போய்விட்டது என்கிறது. அறிக்கை எழுதுபவர்களுக்கு இந்தக் கூடுதல் வசவு தெரிந்தே இருக்கிறது, அதனால்தான் விடுவதில்லை. தினமும் எழுதி எழுதித் தொடரே மரத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆனால் உறுப்பின் பெயரை எடுத்துவிட்டால் பழி பாராட்டாக மாறிவிடும். ‘கூச்சமில்லாமப் பேசுற பொண்ணு’ என்றால் தைரியசாலி, கலகலப்பானவள். ‘வாய் கூசாமப் பேசுற பொண்ணு’ என்றால் நிலைமை வேறு. ‘கூச்சநாச்சம் இல்லாம’ என்று இரட்டித்தாலும் வசவுதான். மூன்று தொடரும் காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். பத்திரிகைப் பேட்டியில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிட்டு மறுநாள் திருத்தம் போட வேண்டிவரும்.

விருந்தோம்பலில் இந்தச் சொல்லுக்குத் தனி வேலை. “கூச்சப்படாம போட்டுச் சாப்புடுங்க” என்று வீட்டுக்காரர் சொல்வதும், “கூச்சமெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று விருந்தாளி சொல்வதும் மாற்றமுடியாத சடங்கு. ‘வெட்கப்படாம சாப்புடுங்க’ என்பது நெருங்கிய உறவில் கேலியாகச் செல்லும். புதுச் சம்பந்தி வீட்டில் செல்லாது.

இலக்கியத்தில்

அகப்பாடல்களில் ஆட்சி ‘நாண்’ என்ற சொல்லுக்குத்தான். ‘அச்சமும் நாணும் மடனும்’ பெண்பாற்குரியவை என்கிறது தொல்காப்பியக் களவியல். இந்த வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், நாணம் ஆணுக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை என்பதற்குக் குறளே சாட்சி. ‘நாணுத்துறவுரைத்தல்’ அதிகாரத்தில் மடலேறத் துணிந்த, அதாவது காதல் கைகூடாமல் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறியத் தன் துயரைக் காட்டத் துணிந்த தலைவன் பேசுகிறான்:

‘நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன்
காமுற்றார் ஏறும் மடல்.’ (1133)

தன்னிடம் முன்பு நாணும் இருந்தது, ஆண்மையும் இருந்தது, இப்போது பனைமடல்தான் மிச்சம் என்கிறான். நாணை இழப்பது அவனுக்கு நட்டம்.

பொருட்பாலில் நாண் இன்னும் அகலமாகிறது. 1011ஆம் குறள், தகாத செயலுக்காக நாணுவது வேறு, ‘திருநுதல் நல்லவர் நாணு’ வேறு என்று முதலிலேயே பிரித்துவைத்துவிடுகிறது. அதிகாரத்தின் கடைசிக் குறள் இது:

‘நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று.’ (1020)

நாண் என்றால் கயிறும்கூட. உள்ளே நாண் இல்லாதவர் நடமாடுவது, வெளியே நாண் கட்டி இழுக்கும் மரப்பாவை உயிருள்ளதுபோல ஏமாற்றுவதற்குச் சமம். இங்கே ‘கூச்சம்’ என்று மாற்றிப் படித்தால் சிலேடை போவதோடு பொருளும் சிறுத்துவிடும். நாண் உள்ளிருந்து நடத்துவது, கூச்சம் வெளியிலிருந்து வந்து படுவது. நாணுடைமை அதிகாரத்தைக் ‘கூச்சம்’ என்று உரை சொல்லும் பள்ளிக் குறிப்புகள் மாணவரைத் தவறான திசைக்கு அனுப்புகின்றன.

பாரதி ‘புதுமைப் பெண்’ணில் ‘நாணும் அச்சமும் நாய்கட்கு வேண்டுமாம்’ என்று எழுதியபோது அடித்தது தொல்காப்பியம் பெண்ணுக்கு வகுத்த அந்தப் பட்டியலை. குறளின் நாணுடைமை அவர் குறி இல்லை. இரண்டையும் பிரிக்காமல் எடுத்தாண்டு, பாரதியும் வள்ளுவரும் முரண்படுவதாகப் பட்டிமன்றத்தில் முழங்குவது வீண் வேலை.

கூச்சம் வரும் நொடியைச் சொல்லின் பெயரே சொல்லாமல் காட்டும் இடங்கள்தாம் எழுதுபவருக்கு அதிகம் உதவும். குறிப்பறிதலில் வருவது:

‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்.’ (1094)

நாண் என்றோ கூச்சம் என்றோ ஒரு சொல் இல்லை. பார்வை மேலே பட்டால் தாழ்கிறது, விலகினால் நிமிர்கிறது. தூண்டல் நின்றதும் கூச்சம் தணியும் என்று பல்லுக்குச் சொன்ன இலக்கணம் இங்கே ஈரடியில் நடந்துமுடிகிறது.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், காதல் வயப்பட்ட தலைவியிடம் தெரியும் இத்தகைய குறிகளை ஒரு பட்டியலாகவே தருகிறது. ‘பொறிநுதல் வியர்த்தல்’, ‘நகுநயம் மறைத்தல்’, ‘கூழை விரித்தல்’, ‘காதொன்று களைதல்’, ‘ஊழணி தைவரல்’, ‘உடைபெயர்த் துடுத்தல்’. நெற்றி வியர்க்கிறது, சிரிப்பு வருவதை மறைக்கிறாள், கூந்தலை அவிழ்க்கிறாள், ஒரு காதின் அணி கழன்று விழுகிறது, அணிந்திருக்கும் நகைகளைத் தடவிக்கொள்கிறாள், சரியாயிருக்கும் உடையையே மறுபடி சரிசெய்கிறாள். இன்று பேருந்து நிலையத்தில் தெரிந்தவரை எதிர்பாராமல் சந்தித்தவர் கைப்பேசியை எடுத்துத் திறந்து மூடுவதும், துப்பட்டாவை இழுத்துவிடுவதும் இந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டியவை. ‘அவளுக்குக் கூச்சமாக இருந்தது’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு இவற்றில் ஒன்றை வைத்தால் காட்சி நிற்கும்.

அவைக்கு வருவோம். மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்வதைச் ‘சபைக்கூச்சம்’ என்கிறோம். குறளில் இதற்கான சொல் அஞ்சுதல். அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூல், பகைவர் நடுவே பேடி கையில் பிடித்த கூர்வாள் என்கிறது 727. அங்கே அச்சம் தோற்றுவிடுவோமோ என்பது; சபைக்கூச்சம் இத்தனை கண்களா என்பது. வாதத்தில் வல்லவருக்கும் இரண்டாவது வரும், முதலாவது வராது. கம்பர் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிடுவது இரண்டிலும் சேராது. அது அவையடக்கம், மரபான பணிவு. இதைக் கூச்சம் என்று உரைத்தால், பத்தாயிரத்தை ஒட்டிய பாடல்களைப் பாடியவர் கூச்சப்பட்டுப் பாடினார் என்றாகிவிடும்.

எந்தச் சொல்லைப் போடுவது: நான்கு சோதனைகள்

1. தனியாக இருந்தாலும் தொடருமா? தொடர்ந்தால் கூச்சம் இல்லை. உறுத்தல், வருத்தம், அவமானம் இவற்றில் ஒன்று.
2. அடிப்படையில் குற்றமோ குறையோ உண்டா? உண்டென்றால் வெட்கம். இல்லையென்றால் கூச்சம்.
3. இரண்டு வழிகளுக்கு இடையே சிக்கல் உண்டா? இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் தயக்கம். எதைத் தேர்ந்தாலும் இடிக்கும் என்றால் சங்கடம்.
4. எந்த உறுப்பு பின்வாங்குகிறது? சொல்ல முடிந்தால் அந்த உறுப்பையே எழுவாயாக்கிவிடலாம். ‘கேட்க நா எழவில்லை’, ‘வாங்கக் கை கூசியது’.

நான்காவது சோதனையில் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘மயிர்க்கூச்செறிந்தது’ என்பதைக் கூச்சத்தோடு குழப்பக் கூடாது. பக்தியிலும் வியப்பிலும் பேரச்சத்திலும் உடல் சிலிர்ப்பதற்கு அது பெயர். வெட்கத்துக்கோ சங்கடத்துக்கோ அங்கே வேலையில்லை. முதல் முத்தக் காட்சியில் இதை எழுதிவிட்டுப் பேய்க்கதை வாடை அடிக்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

சொல் தவறினால் என்ன ஆகும்

கதையில் தவறினால் வாசகன் முகம் சுளிப்பான், அவ்வளவுதான். சில இடங்களில் விளைவு பெரிது.

மருத்துவமனையில் ‘கண் கூசுது’ என்று நோயாளி சொன்னதை உதவியாளர் ‘கண் எரிச்சல்’ என்று சீட்டில் எழுதிவிடுவதுண்டு. எரிச்சலுக்கு ஒவ்வாமைச் சொட்டுமருந்தோடு அனுப்பிவிட முடியும். கூச்சத்தோடு வலியும் மங்கலும் இருந்தால் அன்றே பார்க்க வேண்டியது. மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருபவர் அடுத்த முறை வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆகவே நோயாளி சொன்ன வினையை அப்படியே எழுதிவைப்பது நல்லது.

குழந்தைகளிடம் ‘கூச்சப்படாதே’ என்று சொல்லும் பழக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது. மேடையேறத் தயங்கும் பிள்ளைக்கு அது ஊக்கம். பிடிக்காத ஒருவர் மடியில் உட்காரச் சொல்லும்போதும், கன்னத்தைக் கிள்ள வரும்போதும் அதையே சொன்னால், உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அணைக்கச் சொல்வதாகிவிடும். ‘அந்த மாமா தொட்டா கூசுது’ என்று பிள்ளை சொன்னால், அது சிரிப்பூட்டும் கூச்சமா, ஒதுங்கவைக்கும் கூச்சமா என்று பெரியவர்தான் கேட்டுப் பிரிக்க வேண்டும். எங்கே தொட்டார், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினாரா, யாரிடமும் சொல்லாதே என்றாரா: இந்த மூன்று கேள்விக்கும் பிள்ளையிடம் பதில் இருக்கும். 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. உதவிக்கு 1098 என்ற எண் உண்டு. வாக்குமூலத்தைப் பிள்ளை சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், ‘கூசுச்சு’ என்று சொன்னதை ‘வெட்கமாக இருந்தது’ என்று திருத்தி எழுதக் கூடாது. வெட்கம் என்று எழுதினால், குறை பிள்ளையின் பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறது.